வெற்றிலை மெல்லாதவன்

ராமநாதபுரம் சீமையைத் தண்ணியில்லாக் காடு என்பார்கள். தண்ணீராவது லாரியில் வந்து சேர்ந்துவிடுகிறது. எங்கள் பக்கம் நிஜமான பஞ்சம் 'இல்லை' என்ற சொல்லுக்குத்தான். பெண் கேட்டாலும் சரி, ஏணி இரவல் கேட்டாலும் சரி, ஒருவர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வராது. "பாப்போம்" என்பார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே காப்பி கொடுப்பார்கள். காப்பி ஆறுவதற்குள் மற்றவர்களுக்கு விளங்கிவிடும். எனக்கு விளங்காது. காப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்து காத்திருப்பேன்.

என் பெயர் யோகேஸ்வரன். வயது முப்பத்தாறு. உச்சிப்புளியில் அக்கா துர்காதேவியோடு இருக்கிறேன். அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். எனக்கு ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் சொன்னதே சில வருஷங்களுக்கு முன்னால்தான். அதுவரை வெகுளி, கிறுக்கு, திமிர் பிடித்தவன் என்று ஊர் வேளைக்கு ஒரு பெயர் வைத்திருந்தது. ஆட்டிசம் என்று தெரிந்ததும் சினிமா பார்த்தவர்கள் வந்து பெருக்கல் கணக்குக் கேட்டார்கள். நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். என்னிடம் ஒரு வித்தையும் கிடையாது. சில சத்தங்கள் தாங்காது. திடீரென்று எதையாவது மாற்றினால் தாங்காது. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வேன். அவ்வளவுதான் என் சரக்கு.

சில வருஷத்துக்கு முன் அக்காவைப் பெண் பார்க்க ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பஜ்ஜி சாப்பிட்டார்கள். "ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் அக்காவிடம் கேட்பேன். "மங்கலத்துக்காரவுக சொல்லி அனுப்பிட்டாகளா?" அக்கா தையலை நிறுத்தாமல், "இன்னும் இல்லடா, பாப்போம்" என்பாள். ரொம்பத்தான் நிதானமான குடும்பம் என்று நினைத்துக்கொள்வேன்.

மண்டபத்தில் சேதுபதி முதலாளியின் ஐஸ் கம்பெனியில் எனக்கு மெஷின் ரூமில் வேலை. கம்ப்ரஸர் சூடாகிறதா, எண்ணெய் இருக்கிறதா, மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு யாருக்கும் அந்த அறையில் உட்காரப் பிடிக்காது. காது போய்விடும் என்பார்கள். எனக்கோ ஒரே சீராக ஓடுகிற சத்தம் சத்தமே இல்லை. அதற்குள் போய் உட்கார்ந்ததும் தலைக்குள் இருக்கிற கூச்சலெல்லாம் படுத்துவிடும். ஜன்னலுக்கு வெளியே கூத்தையா அண்ணன் ஐஸ் பார்களைக் கொக்கி போட்டு இழுப்பார். நான் என் நாற்காலியில் இருப்பேன். சந்தோஷம் என்று எல்லோரும் எதைச் சொல்கிறார்களோ, அது எனக்கு அந்த நாற்காலிதான்.

போன வருஷக் கடைசியில் அங்கே ஒரு சைரனை மாட்டினார்கள். அம்மோனியா கசிந்தால் அலறுவதற்கு. கசிந்தால் மட்டும் அலறினால் பரவாயில்லை. கரண்டு ஏறி இறங்கினாலும் அலறியது, சும்மா இருந்தாலும் அலறியது. அது அலறும்போது என் பல்லுக்குள் ஆணி இறங்கும். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "மொதலாளி, அந்தச் சைரன் இருந்தா என்னால உள்ள இருக்க முடியாது." அவர், "பாப்போம்ப்பா" என்றார். பார்ப்பார் என்று நானும் இருந்தேன்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்திய வாரம், விசைப்படகுகள் எல்லாம் நாள்கணக்கில் கடலில் தங்கிப் பிடிக்கிற கடைசித் தங்கலுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அது விடாமல் அலறியது. நான் ஓடிவிட்டேன். கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்துக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிட்டேன். பொழுது சாயும்போதுதான் எனக்குக் கை கால் திரும்ப வந்தது. திரும்பிப் போனால் கம்ப்ரஸர் நின்று கிடந்தது. ஐஸ் பார்கள் பாதி உறைந்து, நடுவில் தண்ணீரோடு நின்றன. படகுக்காரர்கள் வைதுகொண்டே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. அவர் யாரையும் திட்ட மாட்டார், நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவர். "வீட்டுல இருப்பா. ஓய்வெடு. தடைக்காலம் முடியட்டும், பாப்போம்" என்றார். நானும் சரி என்று வீட்டுக்கு வந்தேன்.

மற்ற வருஷங்களில் தடைக்காலத்திலும் எனக்கு வேலை இருக்கும். மெஷினைப் பிரித்துத் துடைப்போம், பெயின்ட் அடிப்போம். இந்த வருஷம் கூப்பிடவில்லை. முதலாளி ஓய்வெடுக்கச் சொன்னாரே என்று ஓய்வெடுத்தேன். ஓய்வு எடுப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எடுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். காலையில் எழுந்தால் உடம்பு பஸ்ஸுக்குப் போகிறது, பஸ் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் டிபன் பாக்ஸ் இல்லை. தலைக்குள் கூச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் அடுக்களையில் இருக்கிற ஃப்ரிட்ஜில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்கப் பழகினேன். அதற்குள்ளும் ஒரு குட்டி கம்ப்ரஸர் ஓடுகிறது.

"ஏலே, எண்ண வச்ச தலையக் கொண்டி ஃப்ரிட்ஜ்ல தேய்க்காத. கதவெல்லாம் கறை" என்று அக்கா கத்துவாள். பிறகு ஒரு துணியைக் கொண்டுவந்து என் கன்னத்துக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போவாள்.

கூத்தையா அண்ணன் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். ரொம்ப நேரம் மழையைப் பற்றிப் பேசினார். எழுந்திருக்கும்போது, "யோகேசு, இந்த வருசம் இங்கன உச்சிப்புளியிலயே எதாச்சும் பாரேன்" என்றார்.

"உச்சிப்புளியில ஐஸ் கம்பெனி இல்லையேண்ணே" என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஊசியில் நூல் கோத்தாள். அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தடைக்காலம் முடிந்ததும் நல்ல நேரம் பார்த்து மெஷினுக்குப் பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, அந்த வருஷத்துக்கு வேலைக்கு இருக்கிறவர்களுக்கு முதலாளி தன் கையால் வெற்றிலை பாக்குக் கொடுப்பார். வெற்றிலை வாங்கினால் அந்த வருஷம் வேலை உறுதி. கொடுத்த வெற்றிலையை முதலாளி மாற்ற முடியாது, சாமி முன்னால் கொடுத்தது. வாங்கியவன் அங்கேயே வாயில் போட்டு மென்றுவிட வேண்டும். வேண்டாதவர்களுக்கு என்ன சொல்வார்கள்? ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வேண்டாதவன் அன்றைக்கு வரவே மாட்டான். அவனுக்கே தெரியும் என்று கணக்கு. இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு எவ்வளவோ மேல்.

பூஜை அன்று காலையில் நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வாயில் நூலோடு வந்து நின்றாள்.

"எங்கலே கெளம்புற?"

"வெத்தல வாங்க."

"யோகேசு, இந்த வருசம்..."

"இந்த வருசம்?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டுப் போ" என்றாள்.

கம்பெனியில் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டிருந்தார்கள். சூடம் எரிந்துகொண்டிருந்தது. முதலாளியின் சம்சாரம் அமுதவள்ளி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எப்போதும்போல் கூத்தையா அண்ணனுக்குப் பின்னால் போய் நின்றேன். சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். சாமி காரியத்தில் இந்த வருஷம் எல்லோரும் ஒழுங்காக இருக்கிறார்களே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

என் முறை வந்ததும் முதலாளியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அமுதவள்ளி அம்மா மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "சாமி முன்னால கைய நீட்டுற புள்ளைக்கு இல்லைன்னு சொல்லாதிய. குடுங்க."

முதலாளி கொடுத்தார். எனக்கு யார் முகத்தையும் பார்க்கிற பழக்கம் இல்லை, கையைத்தான் பார்த்தேன். கை நடுங்கியது. பாவம், வயசாகிறது என்று நினைத்தேன்.

வெற்றிலையை நான் மெல்ல மாட்டேன், என்னை மட்டும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தக் காரமும் நாரும் நாக்கில் பட்டால் எனக்குக் குமட்டும். ஒவ்வொரு வருஷமும் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். பிறகு வீட்டில் சாமி படத்துக்குக் கீழே அதுவாகக் காயும்வரை இருக்கும். இந்த வருஷமும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். என் நாற்காலியில் முனீஸ்வரன் உட்கார்ந்திருந்தான். அமுதவள்ளி அம்மாவின் அண்ணன் மகன், டிப்ளமோ படித்தவன். நான் கட்டி வைத்திருந்த மெத்தைத் துணி கீழே கிடந்தது.

"இது என் எடம்" என்றேன்.

அவன் எழுந்து நின்றான். கெட்டவன் இல்லை. "மாமாதான் இருக்கச் சொன்னாரு. நீங்க மாமாட்டக் கேளுங்கண்ணே" என்றான்.

முதலாளியிடம் போனேன். "நான் எங்கன இருக்கணும் மொதலாளி?"

"இருப்பா, இருப்பா. ஒரு வழி பண்ணுவோம். டீ குடிச்சியா?"

டீ வந்தது. வழி வரவில்லை. ஐஸ் ஏற்றுகிற மேடையின் ஓரத்தில் நின்றேன். அடுத்த நாளும் நின்றேன், அதற்கடுத்த நாளும் நின்றேன். கூத்தையா அண்ணன் பார்களை இழுத்துக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார். யாரும் போ என்று சொல்லவில்லை. யாரும் ஒரு வேலையும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் என்மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது. இதுவரை என்னிடம் பேசாதவர்கள்கூட "சாப்பிட்டியா யோகேசு?" என்றார்கள். சைரன் அலறினால் கடற்கரைக்கு ஓடுவேன், நின்றதும் வந்து மறுபடி மேடையில் நிற்பேன். உள்ளே என் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் சுவருக்கு வெளியே தேய்ந்து கேட்கும். கேட்டுக்கொண்டே நிற்பது, கேட்காமல் இருந்ததைவிடக் கொடுமையாக இருந்தது.

வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பேச்சு நின்றுபோயிற்று. வார்த்தை தொண்டைவரை வரும், வெளியே வராது. ஒருநாள் சாயங்காலம் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஓடிவந்து சுவருக்கும் என் நெற்றிக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்தாள். அதற்கும் ஓர் அடி விழுந்தது. அப்புறம்தான் நிறுத்தினேன். அவள் விரல் வீங்கிவிட்டது. தையல்காரியின் வலது கை அது.

"அவுக ஒன்னைய வேணாங்குறாக போலடா" என்று அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து எனக்குப் பேச வந்தது. "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பாத்தாலே தெரியுதுல்ல."

"எனக்குத் தெரியல. வெத்தல குடுத்திருக்காரு."

அக்கா விரலுக்குத் துணி சுற்றினாள். அதற்குக் கூத்தையா அண்ணன்தான் மறுநாள் மேடையில் பதில் சொன்னார். ஐஸ் கொக்கியைக் கீழே வைத்துவிட்டு, கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் சொல்றதக் கேளு. வெத்தல ஒன் கையில இருக்கு. அவரு வாயத் தொறந்து போன்னு சொல்ல முடியாது. சம்பளமும் குடுத்துத்தான் ஆகணும். நீ பாட்டுக்கு வருசம் முச்சூடும் இங்கன நில்லு. ஒனக்கென்ன நட்டம்?"

நல்லதுக்குத்தான் சொன்னார். நான் யோசித்துப் பார்த்தேன். வருஷம் முழுக்க இந்த மேடை. டீ. சாப்பிட்டியா யோகேசு. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர். வேலை இல்லாமல் வேலைக்காரனாக இருக்க மற்றவர்களால் முடியலாம். என்னால் முடியாது. நான் செத்துப்போவேன் என்று தோன்றியது. அலங்காரமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் தோன்றியது.

அடுத்த நாள் வீட்டிலிருந்து அந்தக் கவரை எடுத்துக்கொண்டு போனேன். மென்ற வெற்றிலையை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. மற்றவர்கள் எல்லோரும் மென்றுவிட்டார்கள். என்னுடையது அப்படியே இருந்தது, ஓரம் மட்டும் கறுத்து, பழுத்துப் போயிருந்தது.

முதலாளி ஆபீஸ் ரூமில் இருந்தார். அமுதவள்ளி அம்மா அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். கவரை மேஜைமேல் வைத்தேன். முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"என்னடா பண்ற? எடு அத! வெத்தலையத் திருப்பிக் குடுத்தா உறவையே அறுக்குறதுடா. தொழில் பண்ற எடம்."

"அப்பச் சொல்லுங்க மொதலாளி. எனக்கு இங்கன வேலை இருக்கா, இல்லையா?"

"அதுக்கு இப்ப என்ன அவசரம்? உக்காரு மொதல்ல. டீ சொல்லட்டுமா?"

"டீ வேணாம். எனக்கு டீயே பிடிக்காது. இத்தன நாளும் குடுத்தாகன்னு குடிச்சேன்."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அமுதவள்ளி அம்மா டிபன் கேரியரைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. கோபம் வந்தது. இந்த நல்ல மனுஷர்மேல் எனக்கு வந்த கோபம் வேறு யார்மேலும் வந்ததில்லை.

"ஏலே யோகேசு," என்றார் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "இத்தன வருசம் கூட இருந்தவன். ஒன் மூஞ்சியப் பாத்து எப்புடிடா நான் சொல்றது?"

"நான்தான் ஒங்க மூஞ்சியப் பாக்க மாட்டேனே மொதலாளி. நீங்களும் என் மூஞ்சியப் பாக்க வேணாம்" என்றேன். திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். சுவரில் முருகன் காலண்டர் தொங்கியது. "இப்பச் சொல்லுங்க."

பிறகு என் முதுகுக்குப் பின்னால் அவர் சொன்னார்.

"ஒனக்கு இங்கன வேலை இல்லப்பா."

நான் அசையவில்லை. ஒரு தடவை ஆரம்பித்ததும் அவருக்கு மீதியும் வந்தது. "சைரன் கவர்மென்ட் உத்தரவு. அத என்னால கழட்ட முடியாது. அத வச்சுக்கிட்டு ஒன்னால உள்ள இருக்க முடியாது. நெசமாவே ஒருநாள் கேஸ் கசிஞ்சு, வால்வ அடைக்காம நீ ஓடிட்டா, வெளிய ஐஸ் இழுக்குற கூத்தையா செத்துருவான்டா. நீ மோசமான வேலைக்காரன் இல்ல. ஒன்னைய மாதிரி மெஷினப் பாத்தவன் கெடையாது. ஆனா அந்த ரூம்ல இனிமே ஒன்னைய வைக்க முடியாது."

அது காரணம். கூத்தையா அண்ணன் சாகக் கூடாது. காரணம் என்று ஒன்றைக் கையில் கொடுத்தால், எவ்வளவு கனமாக இருந்தாலும், என்னால் தூக்க முடியும். இத்தனை நாளும் எதைத் தூக்குகிறோம் என்று தெரியாமலேயே தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றேன் சுவரிடம்.

அமுதவள்ளி அம்மா விசும்புவது கேட்டது. "எல்லாம் நான் குடுக்கச் சொன்ன வெத்தலையால வந்தது" என்றார். நான் திரும்பாமலேயே வெளியே வந்தேன். மெஷின் ரூம் ஜன்னலருகே நின்று கொஞ்ச நேரம் கம்ப்ரஸரைக் கேட்டேன். முனீஸ்வரன் என்னைப் பார்த்து எழுந்தான். "எண்ண அடிக்கடி கொறையும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனேன். பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுக்களைக்குப் போய் ஃப்ரிட்ஜில் கன்னத்தை வைத்தேன். அக்கா தையலை நிறுத்திவிட்டு வந்தாள். வீங்கின விரலில் துணி சுற்றியிருந்தது.

"மொதலாளி சொல்லிட்டாரு. வேலை இல்ல."

அவள் கீழே உட்கார்ந்தாள். "சரி விடு. பாப்..." என்று ஆரம்பித்தாள். அந்தச் சொல் பாதியில் நின்றது. அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் ஃப்ரிட்ஜின் கீழ்க்கதவைப் பார்த்துக்கொண்டு பேசினாள் என்பது மட்டும் தெரியும்.

"நாளைக்கு என்ன செய்யப் போறோம்னு எனக்குத் தெரியல யோகேசு. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயமா இருக்கு" என்றேன்.

அவள் விரல் துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். "மங்கலத்துக்காரவுக இனிமே வர மாட்டாக. என்னைய வேணாம்னுட்டாக. அன்னைக்குப் பஜ்ஜி தின்னப்பவே எனக்குத் தெரியும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்பப் பொங்கலுக்குப் பொங்கல் கேட்டேனே. ஏன் சொல்லல?"

"நீ ஒருத்தன்தான கேட்டுக்கிட்டு இருந்த" என்றாள் அக்கா. "நீ கேக்குறப்பல்லாம் இன்னமும் வருவாக போலன்னு இருந்துச்சுடா."

இனிமேல் கேட்க மாட்டேன் என்று சொன்னேன். அவள் சரி என்றாள். அடுப்பில் இருந்த குழம்பை இறக்கி, சோற்றை அங்கேயே தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் இடது கையாலும் நான் வலது கையாலும் சாப்பிட்டோம்.